பராமரிப்பில் இருக்கிறது

அக்காவின் கணினித் திரையில் ஒரு மனிதன் நடந்துகொண்டே இருப்பான். மஞ்சள் தலைக்கவசம், நீலச் சட்டை, இடப்புறம் சற்றே சரிந்த தோள். அந்தச் சரிவுக்காக அவள் கும்மிடிப்பூண்டியில் ஷிப்ட் முடிந்து வருகிறவர்களைப் பேருந்து நிறுத்தத்தில் நின்று பார்த்திருக்கிறாள். சாப்பாட்டுப் பையை எப்போதும் ஒரே தோளில் மாட்டுகிறவர்கள் பை இல்லாதபோதும் அப்படித்தான் நடக்கிறார்கள் என்று சொல்வாள். தொழிற்சாலைகளில் புதிதாகச் சேர்கிறவர்களுக்குக் காட்டும் பாதுகாப்புப் படங்களைச் செய்வது அவள் வேலை. பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வருகிறவர்களுக்கும் புரியவேண்டும் என்பதால் படத்தில் பேச்சு கிடையாது. அந்த மனிதன் எந்திரத்துக்குள் கையை நீட்டப் போவான், நிற்பான், சுவிட்சை அணைப்பான், அதன் பிறகே கையை உள்ளே விடுவான்.

அவள் என் பெரியம்மாவின் மகள். இலக்கியம் படிக்கக் கல்லூரியில் சேர்ந்ததிலிருந்து திருவள்ளூரில் அவள் வீட்டில்தான் தங்கியிருக்கிறேன். இருவரும் அதிகம் பேசுகிறவர்கள் அல்ல. நான் வாசிக்கும் ஓசையற்ற நேரமும் அவள் வரையும் ஓசையற்ற நேரமும் ஒரே அறையில் இடைஞ்சலின்றிக் கழிந்தன.

ஒரு காலையில், அவள் பயன்படுத்தும் அனிமேஷன் மென்பொருளின் அயல்நாட்டு நிறுவனத்திடமிருந்து மின்னஞ்சல் வந்தது. மென்பொருளை நிறுத்தப் போகிறார்களாம். பிறகு பழைய கோப்புகளையும் திறக்க முடியாதாம். அக்கா அடுப்பிலிருந்த தோசையைத் திருப்பிப் போட்டுவிட்டு மறுபடியும் படித்தாள். அன்று முழுவதும் அவள் கைபேசி அடங்கவில்லை. உடன் தொழில் கற்றவர்களின் குழுவில் வசையும் கேலியும் கலந்து வந்தன. "அக்கா, நம்ம பொம்மைங்களுக்கெல்லாம் ஒரே நாள்ல காரியம் பண்ணிட வேண்டியதுதான்" என்றது ஒரு குரல். "சாப்பாடு யார்ரா போடுவா, உங்கப்பனா?" என்றது இன்னொன்று. பிற நாடுகளில் இருப்பவர்கள் இணையத்தில் எழுதியவற்றை நான் அவளுக்குத் தமிழில் சொன்னேன். ஒருவர், என் கையை வெட்டிவிட்டு வேறு கை பார்த்துக்கொள் என்கிறீர்கள் என்று எழுதியிருந்தார். அதை மட்டும் இன்னொரு முறை சொல்லச் சொன்னாள்.

எதிர்ப்பு வலுத்ததும் நிறுவனம் சற்று இறங்கி வந்தது. நிறுத்தவில்லை, 'மெயின்டனன்ஸ்' நிலையில் வைக்கிறோம் என்றது அடுத்த மின்னஞ்சல். அக்காவின் கணவர் வள்ளூர் அனல்மின் நிலையத்தில் ஒப்பந்தத் தொழிலாளி, எனக்கு மாமா. அந்தச் சொல்லைக் கேட்டதும் அவர் சிரித்துவிட்டார்.

"மெயின்டனன்ஸ்னா இன்னா? யூனிட்ட நிறுத்தி, பிரிச்சி, கெட்டத மாத்தி, திரும்ப ஓட்டுவான். முன்னவிட நல்லா ஓடும். இதுக்குப் போயி எழவு ஊடு மாரி குந்திக்கினு இருக்கீங்களே!"

நான் ஆங்கிலத்தை நிதானமாகப் படித்தேன். புதிதாக எதுவும் சேர்க்க மாட்டார்கள், இருப்பது இருக்கும்வரை இருக்கும், அவ்வளவுதான் என்றேன்.

"நீ புக்கு படிக்கிறவ. அவரு மெஷினப் பாக்கறவரு" என்றாள் அக்கா. பல நாள் கழித்து அன்றுதான் அவள் வயிறாரச் சாப்பிட்டாள்.

அவர்களைக் குறை சொல்ல முடியாது. எங்கள் பகுதியில் மெயின்டனன்ஸ் என்று அறிவித்து மின்சாரத்தை நிறுத்தினால் மாலையில் விளக்கு எரியும். ஆலை நின்றால் சில நாளில் மறுபடியும் ஷிப்ட் சங்கு ஊதும். திரும்பி வருதல் என்பது இங்கே அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. மின்னஞ்சல் அனுப்பியவர்களின் அகராதியில் அது, மருத்துவர் கைவிட்ட நோயாளியை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்வது.

வீட்டிலிருந்தபடியே அவள் வேலை செய்த சிறு படநிறுவனத்தின் உரிமையாளர் வேறொரு மென்பொருளுக்கு மாறினார். ஞாயிறுதோறும் பயிற்சி, நீயும் வா என்று அழைத்தார். "எதுக்கு சார் பேஜாரு? மெயின்டனன்ஸ் முடிஞ்சதும் வந்துடும்" என்று சொல்லிவிட்டாள். மற்றவர்கள் போனார்கள். பழைய படங்களில் தொழிற்சாலைகளின் சின்னத்தை மாற்றும் வேலை மட்டும் கொஞ்ச காலம் அவளிடம் வந்தது. பிறகு அதுவும் வரவில்லை. இருக்கிற படமே நன்றாகத்தானே இருக்கிறது என்று தொழிற்சாலைக்காரர்கள் எல்லோரும் அதையே ஓட்டினார்கள். தாமதமாக அவள் பயிற்சிக்குக் கேட்டபோது அவள் இடத்தில் வேறொருத்தி இருந்தாள். புதிய மென்பொருளில் அவளுடைய கோப்பைத் திறந்து பார்த்தோம். கை ஒருபுறம், கால் ஒருபுறமாக, மூட்டுகள் கழன்று கிடந்தான் அந்த மனிதன். அக்கா கணினியை அணைத்துவிட்டுத் துணி மடிக்கப் போனாள்.

இப்போது அவள் தேர்வாய் கண்டிகையில் ஓர் உதிரிபாகத் தொழிற்சாலைக்குப் போகிறாள். முதல் நாள் நடந்ததைச் சாப்பிடும்போது சொன்னாள். புதியவர்களை ஒரு கூடத்தில் உட்காரவைத்துப் படம் போட்டிருக்கிறார்கள். அவள் செய்த படம். பக்கத்திலிருந்த பெண், "வாயத் தொறக்கிறானா பாருக்கா, எங்கூட்டுக்காரு மாரியே" என்று காதருகே சிரித்திருக்கிறாள். முடிந்ததும் பாதுகாப்பு அலுவலர் ஒவ்வொருவராக எழுப்பிக் கேட்டிருக்கிறார்.

"முன்னபின்ன மெஷின்கிட்ட நின்னிருக்கியாம்மா?"

"இல்ல சார்."

"படம் புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது சார்."

அது உன் படம் என்று ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சொன்னா மட்டும் இன்னா?" என்றாள். "அப்பவும் மெஷினாண்டதான் நிக்க வைப்பாங்க."