களி இறுகிய தொட்டி

செங்கலடிக்கு உள்ளே, ஆற்றோரத்தில் இருந்த மணல் கழுவும் ஆலைக்கு நான்தான் அந்தத் தொட்டியை வடிவமைத்தேன். மணல் கழுவிய சேற்றுநீரை அப்படியே வாவியில் விடக்கூடாது. வட்டத் தொட்டிக்குள் விட்டு, மருந்து கலந்து சேற்றைத் திரளவைத்து, அடியில் படியவைத்து, தெளிந்த நீரை மட்டும் விளிம்பால் வழியவிட வேண்டும். அடியில் மெதுவாகச் சுற்றும் இரும்புக் கைகள் சேற்றை நடுக்குழிக்குத் தள்ள, பம்பு அதை வெளியே இழுக்கும். இந்த மாதிரித் தொட்டியைத் திக்னர் என்போம்.

மாதிரி எடுக்கப் போனது கடும் கோடையில். ஆற்று மணல் கழுவிய நீரைக் கண்ணாடிச் சிலிண்டரில் ஊற்றி, சேறு இறங்கும் வேகத்தைக் குறித்தேன். நன்றாகவே இறங்கியது. அருகில் நின்றவர் ஒப்பரேட்டராகப் புதிதாகச் சேர்ந்தவர். என் வயதுதான் இருக்கும். முன்பு உழவு மெஷின் ஓட்டியவர்.

"மிஸ், மாரியில ஆத்துக்குள்ள இறங்க ஏலா. வயல் வட்டைக்கரை மேட்டு மண்ணத்தான் வெட்டிக்கொண்டு வருவாங்க. அது முழுக்கக் களி. ஒரு பை வெட்டித் தாறன், அதையும் பாருங்களன்."

"பிறகு பாப்பம் அண்ணன்," என்றேன். வாகனம் காத்துக்கொண்டு நின்றது. வெயில் வேறு. அந்தப் பிறகு வரவேயில்லை. வழக்கமாகச் சேர்க்கும் பாதுகாப்பு அளவைக் கணக்கில் சேர்த்துவிட்டு வரைபடத்தை முடித்தேன்.

மாரி தொடங்கி இரண்டாம் வாரம், களுவாஞ்சிக்குடியில் வீட்டில் இருந்தபோது அந்த ஒப்பரேட்டர் தொலைபேசியில் அழைத்தார். வழியும் தண்ணீர் பால்போல் கலங்கி வாவிக்குப் போகிறது, வலை போடுகிறவர்கள் வந்து சத்தம் போடுகிறார்கள் என்றார்.

"மருந்தைக் கூட்டுங்க."

"கூட்டினாத் தண்ணி தெளியுது மிஸ். ஆனா சேறு பசை மாதிரிக் கிடக்கு. அடியில இரும்புக் கை சுத்த ஏலாம முக்குது."

"இன்னும் ரெண்டு நாள் அப்படியே ஓட்டுங்க. நான் வாறன்."

நான் போவதற்கு முன்பே இரும்புக் கைகள் நின்றுவிட்டன. போய்ச் சேர்ந்தபோது தண்ணீரை வடித்திருந்தார்கள். அடியில் சேறு ஆள் உயரத்துக்கு இறுகி நின்றது. மேலிருந்து குழாயால் தண்ணீர் அடித்துக் கரைக்க வேண்டும், ஒரு வாரம் பிடிக்கும் என்றேன். லொறிகள் வரிசையில் நிற்பதைக் காட்டினார் முகாமையாளர். அவர் சொன்னபடி நான்கு பேர் மண்வெட்டியோடு இறங்கினார்கள். ஒப்பரேட்டர்தான் முதலில் இறங்கினார். நான் மேலே, தொட்டிக்குக் குறுக்கே போட்டிருந்த நடைபாலத்தில் நின்றேன். இறங்க வேண்டாம் என்று சொல்லும் உரிமை எனக்கு இருந்தது. நான் சொல்லவில்லை.

மதியத்துக்குக் கொஞ்சம் முன், வெட்டிய பக்கம் சத்தமேயில்லாமல் சரிந்தது. மூன்று பேர் துள்ளி விலகினார்கள். ஒப்பரேட்டரை மட்டும் சேறு இரும்புக் கையோடு சேர்த்து நெரித்தது. மண்வெட்டி பட்டுவிடும் என்று வெறுங்கையால் தோண்டினோம். "கால் இருக்கிறதே தெரியுதில்ல மிஸ்," என்று என்னைப் பார்த்தே சொன்னார். ஆஸ்பத்திரியில் இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

அனுமதியின்றி இறங்கியதால் நேர்ந்த விபத்து என்று ஆலையில் அறிக்கை எழுதினார்கள். சாட்சிகளின் வரிசையில் நானும் கையெழுத்திட்டேன்.

ஒரு மாதம் கழித்து அவர் வீட்டுக்குப் போனேன். கட்டிலில் இருந்தார். கதிரையை இழுத்துப் போட்ட அவர் மனைவி என் முகத்தைப் பார்க்கவில்லை.

"அந்தக் கடுதாசியில நீங்களும் கையெழுத்து வெச்சீங்களா, மிஸ்?"

"ஓம் அண்ணன்."

அவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். "அவருக்கு மருந்து குடிக்கிற நேரம். நீங்க போங்க," என்றார் மனைவி.

அந்த வாரமே உட்கார்ந்து எழுதினேன். களியைச் சோதிக்காதது, பார்க்காமலே மருந்தைக் கூட்டச் சொன்னது, பாலத்தில் வாய்மூடி நின்றது, எல்லாவற்றையும் எழுதித் தொழில் அலுவலகத்துக்கு அனுப்பினேன். அத்தோடு ஆலை வேலைகள் எனக்கு வருவது நின்றது. விசாரணை இன்னும் முடியவில்லை. திகதி தள்ளித் தள்ளிப்போய், தவணைக்கு மேல் தவணை.

போன தவணைக்கு அவர் ஊன்றுகோலோடு வந்திருந்தார். வெளியே போட்டிருந்த நீள வாங்குப் பலகையில் இடமில்லை. நான் சுவரோரமாக நின்றேன். என்னைக் கண்டதும் கொஞ்சம் நகர்ந்து எனக்கு இடம் விட்டார். நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். எங்கள் பெயர் கூப்பிடும்வரை இரண்டு பேரும் அங்கேயே இருந்தோம்.