மெட்ரோ டிக்கெட் எடுக்கப் போன சனிக்கிழமை

ஐந்தாம் வகுப்பில் நான் எழுதிய முதல் கட்டுரையே பொய்க் கட்டுரை. போன ஞாயிற்றுக்கிழமை என்ன செய்தீர்கள் என்று ஒரு பக்கம் எழுதச் சொன்னார் மிஸ். நான் செய்தது துணி மடித்ததும் டிவி பார்த்ததும்தான். வகுப்பில் பாதிப் பேர் கம்பெனி அதிகாரிகளின் பிள்ளைகள். அவர்களுக்கு ஞாயிறு என்றால் பெங்களூர். ஓசூருக்கும் பெங்களூருக்கும் கூப்பிடு தூரம்தான் என்பார்கள். எங்களை யாரும் கூப்பிட்டதில்லை, அவ்வளவுதான். ஆகவே நானும் அம்மாவும் மெட்ரோ ரயிலில் போனதாக எழுதினேன். ஜன்னல் வழியாகக் காற்று முகத்தில் அடித்தது, கண்டக்டர் டிக்கெட் கிழித்துக் கொடுத்தார், அதை இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறேன் என்று முடித்தேன். டவுன் பஸ்ஸைத் தவிர வேறு வண்டி அறியாதவள் வேறு எப்படி எழுதுவாள்?

வியாழக்கிழமை மிஸ் அதை எழுந்து நின்று வாசிக்கச் சொன்னார். கண்டக்டர் வந்த இடத்தில் முன்பெஞ்சு மானேஜர் மகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "மெட்ரோல கண்டக்டரே கிடையாது மிஸ்!" வகுப்பே சிரித்தது. மிஸ் நல்லவர், என்னைப் பொய்க்காரி என்று சொல்லவில்லை. "அதான் டிக்கெட் வச்சிருக்கியே, திங்கட்கிழமை எடுத்துட்டு வா, எல்லாரும் பாக்கலாம்" என்றார். பொய்க்காரி என்றே சொல்லியிருக்கலாம்.

அன்று சாயங்காலம் அழுதுகொண்டே அம்மாவிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அப்பா லோடு வண்டியோடு ஆந்திரா பக்கம் போயிருந்தார். அவர் இருந்திருந்தால் எனக்கு இந்தத் தைரியம் வந்திருக்காது. அம்மா சிப்காட்டில் ஒரு கம்பெனியில் இன்ஸ்பெக்‌ஷனில் இருந்தாள். பைக்குக்குப் போகிற சின்னச் சின்னப் பாகங்களைக் கையிலெடுத்து, விளக்கடியில் திருப்பிப் பார்த்து, நல்லது ஒரு ட்ரே, கெட்டது ஒரு ட்ரே என்று பிரிக்கிற வேலை. ஒரு கீறல் அவள் கண்ணுக்குத் தப்பாது. அப்படிப்பட்டவள் முன்னால் இவ்வளவு பெரிய கீறலோடு நான் நின்றேன்.

அம்மா திட்டவில்லை. என் நோட்டை வாங்கி அந்த ஒரு பக்கத்தை மறுபடி மறுபடி படித்தாள். பிறகு மூடி வைத்தாள்.

"சனிக்கெழம லீவு கேக்கறேன். போயி ஒரு டிக்கெட்டு எடுத்தாந்துடலாம்."

நான் அழுகையை நிறுத்திவிட்டு வாயைப் பிளந்தேன். டிக்கெட்டில் தேதி என்று ஒன்று இருக்குமே என்று எங்கள் இருவருக்குமே தோன்றவில்லை. சனிக்கிழமைக்குப் பதிலாக ஞாயிற்றுக்கிழமை வேலைக்கு வருகிறேன் என்று சூப்பர்வைசரிடம் ஒப்புக்கொண்டுதான் அந்த லீவை வாங்கினாள்.

காலை ஏழு மணிக்குப் பெங்களூர் மெஜஸ்டிக் போகிற பஸ் ஏறினோம். அம்மா கல்யாணத்துக்குக் கட்டுகிற நீலப் புடவையைக் கட்டியிருந்தாள். ஜூஜுவாடி தாண்டி அத்திப்பள்ளியில் கடைப் பலகைகளெல்லாம் கன்னடத்துக்கு மாறியதும் நிமிர்ந்து உட்கார்ந்தாள். கன்னடம் அவளுக்குக் கம்பெனியில் காதால் கற்றது. மெஜஸ்டிக்கில் இறங்கி, யாரையும் ஒரு வார்த்தை கேட்காமல், கூட்டம் போகிற பக்கமே நடந்து, மெட்ரோ வாசலைக் கண்டுபிடித்தாள். நகரும் படிக்கட்டு வந்தபோது மட்டும் நின்றாள். மூன்று பேர் ஏறுவதைப் பார்த்தாள். யார் எந்தக் காலை முதலில் வைக்கிறார்கள் என்று கவனித்திருக்க வேண்டும். நான்காவதாக என் கையைப் பிடித்து, புடவைக் கொசுவத்தை ஒதுக்கி, ஏறியே விட்டாள். எனக்கு இன்றும் அந்தக் காட்சி நினைத்தால் பெருமையாக இருக்கிறது.

கவுண்டரில் டிக்கெட் கேட்டோம். காகிதம் வரவில்லை. பொத்தான் மாதிரி வட்டமாக இரண்டு பிளாஸ்டிக் டோக்கன் வந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. கிழிந்துபோகிற காகிதத்தைவிட இதல்லவா சாட்சி! மானேஜர் மகளின் மூக்குக்கு முன்னால் அதை நீட்டுவதாக ரயில் முழுக்கக் கனவு கண்டுகொண்டே வந்தேன். ரயில் சுரங்கத்தை விட்டு வெளிச்சத்துக்கு ஏறியதைக்கூடப் பாதிதான் பார்த்தேன்.

எம்.ஜி. ரோட்டில் இறங்கினோம். வெளியே போகிற கேட் திறக்கவில்லை. பின்னாலிருந்தவர் டோக்கனை அதன் ஓரத்திலிருந்த சந்தில் போடச் சொல்லிக் கைகாட்டினார். அவசரத்தில் போட்டேன். கேட் திறந்தது. டோக்கன் திரும்பி வரவில்லை.

நான் அந்த இடத்திலேயே ஓவென்று அழுதேன். அம்மாவும் தன் டோக்கனைப் போட்டுவிட்டு வெளியே வந்து, காவலுக்கு நின்றவரிடம் போனாள்.

"டோக்கன் வாபஸ் கொடி சார்" என்றாள், கம்பெனிக் கன்னடத்தில்.

அவர் அம்மாவை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தமிழிலேயே சொன்னார். "அது உள்ள போனா போனதுதாம்மா. எல்லாருக்கும் அப்படித்தான். எந்த ஊரு, கிருஷ்ணகிரியா?"

"ஓசூருங்கண்ணா. இவளுக்கு ஸ்கூல்ல காட்டணும்."

"காட்டறதுக்கெல்லாம் குடுக்க மாட்டாங்கம்மா. வெளிய எடுத்துட்டுப் போனா தப்பு."

தப்பு என்ற சொல் போதும், அம்மா அதற்குமேல் கேட்கவில்லை. என்னை ஓரமாக உட்காரவைத்தாள். திங்கட்கிழமை எல்லாரும் சிரிப்பார்கள், நான் இனிமேல் ஸ்கூலுக்கே போகமாட்டேன் என்று நான் சொல்லிக்கொண்டே இருந்தேன். கப்பன் பார்க், ஐஸ்கிரீம் என்று போட்டிருந்த திட்டமெல்லாம் எனக்கு வேண்டாமென்று ஆகிவிட்டது.

"கண்ணு, கையில எடுத்துட்டுப் போக வுட மாட்டாங்க. கண்ணுல எடுத்துட்டுப் போறத யாரு தடுக்கறது? எந்திரி. நாங்க கம்பெனியில பீஸ் பாக்கற மாதிரி பாக்கலாம்."

அப்புறம் நடந்ததுதான் எங்கள் சுற்றுலா. மூன்று தரம் போய் வந்தோம். கம்பெனியில் ஒரு பாகத்தை முன்பக்கம், பின்பக்கம், ஓரம் என்று மூன்று முறை பார்ப்பார்களாம். மெட்ரோவையும் அம்மா அப்படியே எனக்குப் பார்க்கக் கற்றுக்கொடுத்தாள். முதல் தரம் கண்ணால், இரண்டாவது தரம் காதால், மூன்றாவது தரம் ஓரங்களை மட்டும். ஜன்னல் திறக்காது. கப்பன் பார்க் ஸ்டேஷனில் கதவு வலப்பக்கம் திறக்கும், எம்.ஜி. ரோட்டில் இடப்பக்கம். முதலில் கன்னடத்தில் சொல்வார்கள், பிறகு இங்கிலீஷில். சுரங்கத்துக்குள் போனால் கண்ணாடியில் நம் முகமே தெரியும். ஒவ்வொரு தரம் இறங்கியதும் அம்மா கேள்வி கேட்பாள், நான் சொல்வேன், நான் விட்டதை அவள் சொல்வாள். நான் சொன்னதையும் உதட்டுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டாள். நடுவில் ஒருமுறை தூணோரம் நின்றபடியே புளிச்சோறு சாப்பிட்டோம். கடைசித் தரம் எனக்கு அழுகை, திங்கட்கிழமை, மானேஜர் மகள் எல்லாம் மறந்துபோய், எங்களிருவரின் முகமும் கறுத்த கண்ணாடியில் ஆடுவதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே வந்தேன். உலகத்தில் அம்மாவுக்குத் தெரியாதது எதுவுமில்லை என்று எனக்கு அன்று உறுதியாயிற்று.

திங்கட்கிழமை மிஸ் மறக்கவில்லை. நான் எழுந்தேன். "டிக்கெட் இல்ல மிஸ், டோக்கன். வெளிய வரும்போது மெஷின் வாங்கிக்கும். கண்டக்டர்னு நான் தப்பா எழுதிட்டேன்." மானேஜர் மகள் விடவில்லை, கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்று கேட்டாள். எந்த ஸ்டேஷனில் என்று நான் திருப்பிக் கேட்டேன். பாவம், ஞாயிறுதோறும் போகிற அவளுக்கு அது தெரியவில்லை. மிஸ் கைதட்டச் சொன்னார்.

அடுத்த மாதம் ஆயுத பூஜை. எங்கள் ஊர்க் கம்பெனிகளில் அன்று ஒருநாள் குடும்பத்தையெல்லாம் உள்ளே விடுவார்கள். மெஷினுக்கெல்லாம் வாழைக்கன்றும் சந்தனமும் வைத்து, பொரியும் சுண்டலும் கொடுப்பார்கள். அம்மாவின் லைனில் வேலை செய்கிற நாலைந்து அக்காமார் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள்.

"மெட்ரோ பாப்பா நீதானா? போன வருசம் உங்கம்மா உன்னக் கூட்டிட்டுப் போனாங்களே, பயந்துட்டியாமே! அந்தக் கதைய எத்தன தரம் சொல்லியிருக்காங்க தெரியுமா?"

நான் அம்மாவைத் தேடினேன். அவள் இரண்டு மெஷின் தள்ளி, காதில் விழாத மாதிரி, பொரியைக் கவரில் அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தாள். அவள் காது மட்டும் சிவந்திருந்தது.

"ஆமாக்கா, போன வருசந்தான்" என்றேன். பயமெல்லாம் இல்லை, சுரங்கம் வந்தபோது மட்டும் அம்மாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன் என்று கூடவே சேர்த்துச் சொன்னேன். அம்மாவின் கை ஒரு கணம் நின்று, மறுபடி பொரியை அள்ளியது.

ஸ்கூலில் நான் மாட்டிக்கொள்ளக் கூடாதென்று கம்பெனியிலும் எனக்காக ஒரு பொய்யைச் சொல்லி வைத்திருக்கிறாளே என்று எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது. இப்படியொரு அம்மா யாருக்குக் கிடைப்பாள் என்று நினைத்தேன். அம்மாவின் பொய் என் பொய்யைவிட ஒரு வயது மூத்தது என்பதும், என்னைக் கூட்டிப்போக வேண்டுமென்று ஆசைப்பட்டு ஆசைப்பட்டு, முடியாமல், போய்வந்ததாகவே ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள் என்பதும் அந்த வயதில் எனக்கு எட்டவில்லை.