வெடிப்பின் குறுக்கே ஒரு தாள்

தீபாவளிக்கு இன்னும் ஒரு வாரம். நேற்று பதுளையில் நாங்கள் குடியிருக்கும் வாடகை வீட்டுக்கு வெள்ளையடிக்க, வீட்டுக்காரர் ஒரு ஆளை அனுப்பியிருந்தார். வாளியில் சுண்ணாம்பைக் கரைத்ததும் அந்த வாடை தாங்காமல் ஜன்னலைத் திறந்துவிட்டேன். சமையலறைச் சுவரில் முடி கனத்துக்கு ஒரு கீறல். அந்த ஆள் அதை அடைக்கப் போக, அம்மா ஓடி வந்து, "அத மட்டும் விட்டுருங்க தம்பி, அப்பிடியே இருக்கட்டும்" என்றாள். அவர் என்னைப் பார்த்தார். நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

சுண்ணாம்புக்கும் எனக்கும் பழைய சகவாசம். ஹாலிஎலைக்கு மேலே மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில்தான் வளர்ந்தேன். ஒரே வரிசையில் ஒட்டி ஒட்டிப் பன்னிரண்டு காம்பரா, குடும்பத்துக்கு ஒரு அறை. எங்கள் காம்பராவில் மலைப்பக்கச் சுவரில் ஒரு வெடிப்பு உண்டு. வருஷா வருஷம் தீபாவளிக்கு முன்னால் செம்மண்ணும் சாணியும் குழைத்து அதை அடைத்து, மேலே வெள்ளையடிப்பது என் வேலை. நம்ம கை சுத்தம் பாருங்க, பக்கத்துக் காம்பராக்காரர்களும் கூப்பிடுவார்கள். பெரிய மேஸ்திரி கணக்காக இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு போவேன். முதலில் ஒரு கைப்பிடி மண் போதுமாக இருந்தது. கடைசி வருஷங்களில் அரைச் சட்டி தேவைப்பட்டது. ஏன் என்று ஒரு நாளாவது யோசித்தேனா? மடையன்.

அக்கா கொழுந்து பறித்து என்னைப் படிக்க வைத்தாள். பொறியியல் மூன்றாம் வருஷத்தில் பரிமாற்ற மாணவனாக ஆறு மாதம் ஜப்பானுக்குப் போனேன். அவள் கட்டிக் கொடுத்த மிளகாய்த்தூள் பொட்டலம் பெட்டிக்குள்ளேயே பிரிந்து சட்டையெல்லாம் சிவப்பு. முதல் வாரம் வகுப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்தவனெல்லாம் தும்மினான். மானம் போச்சு! ஆனால் அந்த நெடி இருந்ததால்தான் அழாமல் கிடந்தேன்.

ஒரு நாள் மண் பாடத்தில் பேராசிரியர் படங்கள் காட்டினார். சாய்ந்த மரங்கள், புதிதாகக் கிளம்பிய ஊற்று, அப்புறம் மலையோர வீட்டுச் சுவரில் ஒரு வெடிப்பு. குறுக்கே காகிதம் ஒட்டி வையுங்கள், கிழிந்தால் நிலம் நகர்கிறது, உடனே வெளியேறுங்கள் என்றார். எங்கள் காம்பராச் சுவர்தான் என் கண்முன் வந்தது. அந்த மலை எத்தனை வருஷமாகச் சொல்லிக்கொண்டு இருந்திருக்கிறது! நான் சாணி போட்டு அதன் வாயை அடைத்திருக்கிறேன்.

அன்றைக்கே அக்காவுக்குப் போன் போட்டேன்.

"பேப்பர் ஒட்டவா? இத படிக்கவாடா அவ்வளவு தூரம் போன?" என்று சிரித்தாள். ஆனாலும் என் பழைய கொப்பியில் ஒரு தாளைக் கிழித்து ஒட்டி, தேதி எழுதி, தினமும் படம் அனுப்பினாள். ஐந்தாம் நாள் தாள் நடுவில் கிழிந்திருந்தது.

"எல்லாரும் கெளம்புங்க அக்கா, ஸ்கூலுக்குப் போயிருங்க" என்று கத்தினேன்.

"தோட்டத்துத் தொரைகிட்ட சொல்லியாச்சு, ஆள் அனுப்பிப் பாக்குறேன்னாரு. தீவாளி முடியட்டும்டா, போயிர்றோம்."

அங்கே மழை விடவே இல்லை. தீபாவளிக்கு முதல் நாள் ஒரு படம் வந்தது. பளீரென்று வெள்ளைச் சுவர். வெடிப்பும் இல்லை, தாளும் இல்லை. "நல்ல நாள்ல வெடிப்போட வெளக்கேத்தக் கூடாதுன்னு அம்மா பூசிருச்சு. ஒன் அளவுக்கு வரலடா" என்று அக்கா எழுதியிருந்தாள். நான் திட்டியிருக்க வேண்டும். லயத்தில் ஒருத்தர் விடாமல் போன் போட்டிருக்க வேண்டும். ஆனால் அந்தச் சுவரைப் பார்த்ததும் வீட்டு நினைப்பு வந்துவிட்டது. "அழகா இருக்கு அக்கா" என்று அனுப்பினேன். அவள் ஒரு சிரிப்பு போட்டாள்.

மறுநாள் காலை அம்மா கோயிலில் இருந்தபோது மலை இறங்கியது. அக்கா வீட்டில் பலகாரம் சுட்டுக்கொண்டிருந்தாளாம்.

இப்போது அங்கே ஆளுயரத்துக்கு மானாப்புல்தான் நிற்கிறது. பன்னிரண்டு காம்பரா, தண்ணி பிடிக்கிற பீலி, கோயிலுக்குப் போகிற படிக்கட்டு, ஒன்றும் இல்லை. அக்காவைத் தோண்டி எடுக்கக்கூட முடியவில்லை.

நேற்று ஆள் போன பிறகு, அம்மா சோற்றுப் பருக்கையால் அந்தக் கீறல் மேல் ஒரு தாளை ஒட்டினாள். எழுதத் தெரியாது, அதனால் தேதிக்குப் பதிலாக ஒரு கோடு போட்டாள். "நான் பூசாம இருந்திருந்தா எம்புள்ள போயிருக்குமாடா?" என்று கேட்டாள். தீபாவளி வந்தால் இதையேதான் கேட்பாள். அவள் பூசிய சுவரைப் பார்த்து அக்காவுக்கு நான் அனுப்பிய அந்த மூன்று வார்த்தையை அவளிடம் இன்னும் சொல்லவில்லை.