செத்தவள் சொன்ன ‘வருகிறேன்’

எங்கள் வீட்டு ஹாலில் தினமும் ராத்திரிச் சாப்பாட்டு நேரத்தில் என்னைத் திட்டுவார்கள். திட்டுகிறவர்களுக்கு அது நான்தான் என்று தெரியாது. தெரிந்த ஒரே ஆள் என் மனைவி. அவள் பாட்டுக்கு எல்லோருக்கும் பரிமாறிக்கொண்டிருப்பாள்.

நான் டிவி தொடருக்கு எழுதிக்கொண்டிருந்தேன். குளத்துக்கு அடியில் ஒரு நாடு, அங்கே ஓர் இளவரசி, உச்சிவெயில் பட்டால் அவளுக்கு உயிர் போய்விடும், அவளைக் காக்க ஒரு காவல்காரி என்று போகிற மாயாஜாலத் தொடர். கதையைச் சென்னையிலிருந்து தலைமை எழுத்தாளர் போனில் நாலு வரியில் சொல்வார். நான் கோயமுத்தூர் வடவள்ளியில் உட்கார்ந்து அதைக் காட்சியாக்கி, வசனம் எழுதி அனுப்புவேன். டைட்டிலில் அவர் பெயர் வரும், என் பெயர் வராது. “கொஞ்ச நாள் போகட்டும் சார், உங்க பேரைப் போட்டுடலாம்” என்று சேர்ந்த அன்றைக்கே சொல்லியிருந்தார். அந்த ஒரு பெயருக்காகத்தான் நான் நாயாக உழைத்தேன்.

அதற்குக் காரணம் என் மாமனார். கணபதிப் பகுதியில் பம்ப்செட் பட்டறை வைத்திருந்தவர். மாமியார் காலமான பிறகு பட்டறையை விற்றுவிட்டு எங்களோடு வந்துவிட்டார். பெண் பார்க்கப் போன அன்று நான் எழுதுகிறவன் என்று சொன்னதும், “எழுதறதுங்களா? செரீங்க. தொழிலு என்ன பண்றீங்க?” என்று கேட்டவர் அவர். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை இரண்டு வீட்டிலும் யாரும் எடுக்கவில்லை. நான் ஏதோ சென்னைக் கம்பெனிக்கு வீட்டிலிருந்தே டைப் அடித்துத் தருகிறேன் என்று அவராகவே முடிவு செய்துகொண்டார். வருகிறவர்களிடம், “மாப்ள டைப்பிங் பண்றாருங்க, கை நல்ல வேகமுங்க” என்று பெருமையாகக்கூடச் சொல்வார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

உண்மையைச் சொல்லிவிடலாம் என்று கிளம்பியபோது மனைவிதான் தடுத்தாள்.

“பேரு வரட்டுங்க. டிவில உங்க பேரு வாரப்ப நான் அப்பாவுக்குப் பக்கத்துல உக்காந்து அவரு மூஞ்சியப் பாக்கோணும். அதுக்கு மிந்தி சொன்னா அவரு நம்ப மாட்டாருங்க” என்றாள். அப்போது அவளுக்கு அவ்வளவு ஆசை இருந்தது. எனக்கு அது போதுமாக இருந்தது.

விதி என்னவென்றால், மாமனார் அந்தத் தொடருக்கே அடிமையாகிப்போனார். தனியாகப் பார்த்தால் பரவாயில்லை. கீழ் வீட்டில் குடியிருந்த, ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியாரைச் சேர்த்துக்கொண்டார். எதிர் வீட்டு அக்கா, பேங்கில் வேலை பார்ப்பவர், அவரும் வந்து சேர்ந்தார். மூன்று பேரும் எங்கள் சோபாவில் உட்கார்ந்து, எங்கள் வீட்டுச் சட்னியைத் தொட்டுத் தின்றுகொண்டே என் எழுத்தைக் கூறு போட்டார்கள். ஆரம்பத்தில் அழுதார்கள், கைதட்டினார்கள், அதையும் சொல்லியாக வேண்டும். ஆனால் பாராட்டுகிறவர்கள் ஒரு வார்த்தையோடு நிறுத்திவிடுவார்கள். குறை சொல்கிறவர்களுக்குத்தான் பேச்சு ஊற்றெடுக்கும்.

வாத்தியார் குதிரையைப் பிடித்துக்கொள்வார். “கோட்டைக்கு மூணு நாளுப் பயணம்னு ராசா சொன்னாரு. வில்லன் வெளம்பரம் முடியறக்குள்ள போயிட்டானுங்க. குதிரைங்களா, ஏரோப்ளேனுங்களா?” அக்காவுக்கு மகாராணியின் கர்ப்பம். “போன தீவாளிக்கு மிந்தியே முழுகாம இருந்தாளுங்க. எங்க தம்பி பொண்டாட்டி அதுக்கப்புறம் உண்டாயி, பெத்து, புள்ளை நடக்கவே ஆரம்பிச்சிருச்சு.” இதெல்லாம் உண்மைதான். மகாராணியாக நடித்த அம்மா சம்பளம் போதாதென்று பாதி நாள் வராமல் இருந்தால் குழந்தை எப்படிப் பிறக்கும்? அதை நான் யாரிடம் சொல்ல முடியும்?

கோபத்தில் நான் ஒரு காரியம் செய்தேன். தொடருக்குள் ஒரு பொக்கிஷ அதிகாரியைக் கொண்டுவந்தேன். வாயைத் திறந்தால் எதிரில் இருப்பவனைக் குத்தாமல் மூடமாட்டான். அவன் பேசிய ஒவ்வொரு வார்த்தையும் என் மாமனார் என்னிடம் பேசியது. நல்ல தமிழுக்கு மாற்றியதைத் தவிர நான் ஒன்றும் சேர்க்கவில்லை. மாமனார் இரண்டு நாள் பொறுமையாகப் பார்த்தார். மூன்றாம் நாள், “ஒரு மனுசன் வூட்டாளுங்ககிட்டயே இப்பிடியெல்லாம் பேசுவானுங்களா? லாஜிக்கே இல்லீங்களே” என்றார். வாத்தியாரும் ஆமோதித்தார். சமையற்கட்டில் என் மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நாங்கள் இருவரும் சேர்ந்து சிரித்த கடைசி நாள் அதுவாகத்தான் இருக்கும்.

பிறகு காவல்காரியைக் கொல்லச் சொல்லி உத்தரவு வந்தது. அந்தப் பெண்ணுக்கு வேறு தொடரில் கதாநாயகி வேஷம் கிடைத்துவிட்டது. நன்றாகவே கொன்றேன். இளவரசியின் மடியில் தலை வைத்துப் படுத்துக்கொண்டு, பேச முடியாமல் பேசி, கடைசியாக “வருகிறேன் இளவரசி” என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடுவாள். அந்த வார்த்தையை நான் யோசித்து எழுதவில்லை. எங்கள் பக்கத்தில் யாரும் ‘போறேன்’ என்று சொல்ல மாட்டார்கள். தெருமுனைக்குப் பால் வாங்கப் போனாலும் ‘வாரேனுங்க’தான். உயிர் போகிறவளுக்கு எழுதும்போதும் என் கைக்கு ‘போகிறேன்’ வரவில்லை. சென்னையிலும் யாரும் கவனிக்கவில்லை. மறுநாளே அவளை எரித்து, சாம்பலை ஆற்றில் விட்டாயிற்று.

அவள் செத்த அன்றைக்கு மூன்று பேரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். நான் உள்ளுக்குள் பூரித்துப்போயிருந்தேன். அடுத்த நாள் வாத்தியார் நுழையும்போதே கையை ஆட்டிக்கொண்டு வந்தார்.

“எழவு வூட்டுல ‘போயிட்டு வாரேன்’னு எவனாச்சும் சொல்லுவானுங்களா? சொல்லாமக் கொள்ளாம எந்திரிச்சு வந்துருவோமல்லங்க? சாகறவ சொல்றாளே, ‘வருகிறேன்’னு. எழுதறவன் சும்மா வெப்பானுங்களா? அவ திரும்பி வாராளுங்க. எழுதி வெச்சுக்கோங்க.”

மாமனாருக்குத் தூக்கிவாரிப்போட்டது. “அட ஆமாங்க” என்று தொடையில் தட்டினார். எதிர் வீட்டு அக்கா அதை அப்படியே போனில் தட்டி, தொடரின் ரசிகர்கள் கூடுகிற பக்கத்தில் போட்டுவிட்டார். அது தீயாகப் பரவியது. ‘அவள் ஏன் போகிறேன் என்று சொல்லவில்லை’ என்று ஊர் ஊராகக் கேட்டார்கள். நான் எழுதாத ஒரு கதையை நான் எழுதிவிட்டதாக எல்லோரும் சேர்ந்து என்னை மெச்சினார்கள். “எழுத்தாளன் கில்லாடிங்க” என்று மாமனார் வாயால் கேட்டேன். மனைவி என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினாள். நான் அதை மறுக்கவில்லை, அந்தப் பாராட்டு எனக்கு அவ்வளவு இனித்தது.

சேனல்காரர்களும் அதைப் படித்துவிட்டார்கள். தலைமை எழுத்தாளர் போன் செய்து, “அவளைக் கொண்டு வந்துடுங்க சார். நல்லாப் போச்சுன்னா உங்க பேர் கன்ஃபர்ம்” என்றார். எரித்துக் கரைத்தவளை எப்படிக் கொண்டுவருவது என்று கேட்டேன். “மாயாஜாலம்தானே சார்” என்றார். பெயர் என்று அவர் சொன்ன பிறகு எனக்கு வேறு கேள்வி வரவில்லை. சாம்பலை மீன்கள் தின்றன, அந்த மீன்கள் பௌர்ணமியில் ஒன்றுகூடின, அவள் எழுந்து வந்தாள் என்று எழுதினேன். பழைய நடிகை கிடைக்கவில்லை. புதுப் பெண்ணைப் போட்டார்கள். தீயில் பட்டதால் முகம் மாறிவிட்டது என்று ஒரு முனிவரைச் சொல்ல வைத்தேன்.

அவள் வந்த அன்று மாமனார்தான் முதலில் வாயைத் திறந்தார்.

“நானும் எங்கூட்டுக்காரியோட சாம்பலப் பவானி கூடுதுறையிலதானுங்க கரைச்சேன். அங்க மீனுக்கு என்ன பஞ்சமுங்களா? ஒரு நாளாச்சும் திரும்பி வந்தாளுங்களா?”

வாத்தியார் சிரித்த சிரிப்பில் அவருக்குப் புரை ஏறியது. வருவாள் வருவாள் என்று கூப்பாடு போட்டவரே அவர்தான். கேட்டதும் இவர்கள், வந்ததும் காறித் துப்பியதும் இவர்கள். எனக்கு எல்லோரையும் வீட்டைவிட்டு விரட்ட வேண்டும் போல இருந்தது. ஆனால் வீடு மாமனார் பட்டறைப் பணத்தில் வாங்கியது.

அதைக்கூடத் தாங்கிக்கொண்டேன். அடுத்துப் பேசியது என் மனைவி. ஆளுக்கொரு தோசை போட்டு எடுத்து வந்தவள், டிவியைப் பார்த்துக்கொண்டே, “தீயில மூஞ்சி மாறுச்சு, செரி. ஒசரம் எப்பிடிங்ப்பா மாறுச்சு?” என்றாள். மூன்று பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். “எங்கண்ணு கேட்டா பாருங்க கேள்வி” என்று மாமனார் அவள் முதுகில் தட்டிக்கொடுத்தார். அவளும் சிரித்தாள். விஷயம் தெரியாத மூன்று பேர் எத்தனை நாள் சிரித்தாலும் எனக்கு இப்படி வலித்ததில்லை. தெரிந்தவள் அவள் ஒருத்திதான்.

அதுவரை தினமும் படுக்கப் போகுமுன், “இதை நீங்களே எழுதுனீங்களா, அவுங்க மாத்திட்டாங்களா?” என்று கேட்பாள். மாற்றிவிட்டார்கள் என்று சொன்னால் அவளுக்கு நிம்மதி. நானே எழுதியதாக இருந்தால் அப்போதும் மாற்றிவிட்டார்கள் என்றே சொல்லிவந்தேன். அன்றிலிருந்து அவள் கேட்பதையே விட்டுவிட்டாள்.

தொடர் வேகமாக இறங்கியது. உச்சிவெயில் பட்டால் சாகிற இளவரசி பட்டப்பகலில் வயல்காட்டில் ஓடினாள், ராத்திரியில் வெளிச்சம் போதாதென்று பகலில் எடுத்த காட்சி அது. எங்கள் ஹாலில் இப்போது யாரும் கோபப்படக்கூட இல்லை. சிரிப்பதற்கென்றே கூடினார்கள். எங்கள் ஊரில் ஒருவனைக் கொல்லும்போதும் ‘ங்க’ போட்டுத்தான் கொல்வார்கள். மாமனார் ஒரு நாள் டிவியைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டுச் சொன்னார்: “எழுதறவரு யாரோ, நல்லா இருக்கோணுமுங்க. எழுதாம இருந்தா நாமளும் நல்லா இருப்பமுங்க.” வாடா போடா என்று திட்டியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு அவமானமாக இருந்திருக்காது.

கடைசியில் தொடரை முடிக்கச் சொல்லிவிட்டார்கள். முடிவை எழுதி அனுப்பியதும் தலைமை எழுத்தாளர் போன் செய்தார். குரலில் தேன் ஒழுகியது.

“சார், சொன்ன வாக்கைக் காப்பாத்திட்டேன். கடைசி எபிசோடுல கதை, திரைக்கதை, வசனம், எல்லாம் உங்க பேர்தான். என் பேரை எடுத்துடச் சொல்லிட்டேன். சந்தோஷம்தானே?”

எனக்குப் புரியாமல் இல்லை. ஊரே சாணியடிக்கிற நேரத்தில் அவர் நகர்ந்துகொண்டு என்னை நடுவில் நிறுத்துகிறார். ஆனாலும், சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பெயர் பெயர்தானே? நல்ல நாளில் வரவில்லை, கெட்ட நாளிலாவது வருகிறதே. சமையற்கட்டுக்குப் போய் மனைவியிடம், “நாளைக்கு என் பேரு வருது” என்றேன்.

அவள் வெங்காயம் நறுக்குவதை நிறுத்தவில்லை. “இப்ப எதுக்குங்க?” என்றாள்.

மறுநாள் மூன்று பேரும் சீக்கிரமே வந்துவிட்டார்கள். அக்கா கேசரி கிண்டி எடுத்து வந்திருந்தார், தொல்லை ஒழிந்தது என்று கொண்டாட. நான் மாமனாருக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தேன். சொல்ல வேண்டியதை மனதுக்குள் தயார் செய்துவைத்திருந்தேன். ‘ஆமாங்க மாமா, நான்தானுங்க’. அவ்வளவுதான். அதற்குமேல் ஒன்றும் வேண்டாம் என்று இருந்தேன்.

மாமனார் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டார். “இன்னைக்காச்சும் எவன்னு பாத்துப்போடறேன்” என்று முன்னால் குனிந்தார். டைட்டில் ஓடியது. பெரிய எழுத்தில், திரை முழுக்க, என் பெயர் வந்தது. அவர் எழுத்துக்கூட்டி உரக்கப் படித்தார். பிறகு மெதுவாக என் பக்கம் திரும்பினார்.

“ஏனுங் மாப்ள, உங்க பேரு. இனிசியலு மொதக்கொண்டு அதேதானுங்களே.”

வாத்தியாரும் அக்காவும் என்னைப் பார்த்தார்கள். நான் வாயைத் திறந்தேன்.

“வேற யாரோங்ப்பா” என்றாள் என் மனைவி, பின்னாலிருந்து. குரலில் ஒரு நடுக்கம்கூட இல்லை. “இந்தப் பேரு ஊருக்குப் பத்துப் பேருக்கு இருக்குது.”

“அதான பாத்தேன்” என்று மாமனார் சாய்ந்துகொண்டார். “நம்ம மாப்ளைக்கு அந்தப் பாவமெல்லாம் எதுக்குங்க? அவரு பாட்டுக்கு டைப் அடிச்சுட்டு இருக்காரு.”

வாத்தியாருக்கு மட்டும் விட மனசில்லை. “நீங்களா இருந்தா இப்பவே சொல்லிப்போடுங்க தம்பி, ஒண்ணும் பண்ண மாட்டோமுங்க” என்று கண்ணடித்தார். அக்கா சிரித்துக்கொண்டே கேசரித் தட்டை என் பக்கம் நீட்டினார். எல்லோரும் என் பதிலுக்குக் காத்திருந்தார்கள்.

“நான் இல்லீங்க” என்றேன்.

அப்போதுதான் மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள். அவள் கண்ணில் நன்றி இருந்தது.