மாலக்கியின் கல் இல்லாத படம்

அட்ராக்டா லெனகன் இருபத்திரண்டு வயதில் மணமாகி அயர்லாந்தில் கால்வே நகரத்துப் பக்கத்து அந்த வீட்டுக்கு வந்தபோது, நாற்பது ஏக்கர் மேய்ச்சல் நிலமும் ஒரு மாமியாரும் இடிந்த மடாலயத்தின் கதவுச் சாவியும் சேர்ந்தே அமைந்தன. மாமியார் போய்ச் சேர்ந்தாள். சாவி மட்டும் ஆணியிலேயே தொங்கியது. மடாலயத்தைப் புகைப்படம் எடுக்க வருகிற அத்தனை பேரும் அவள் கதவைத்தான் தட்ட வேண்டும்.

அவர்கள்மேல் அவளுக்கு மதிப்பே கிடையாது. வெயிலடித்தால் மேகம் கேட்பார்கள், மேகம் வந்தால் மூடுபனி கேட்பார்கள். மூடுபனி இறங்கிய அன்று ஒருத்தராவது எழுந்திருக்க வேண்டுமே!

அவர்களிலும் ஒரு படி மேலே கொன்லெத் பர்டில். டப்ளினில் பல் வைத்தியம் பார்த்து ஓய்வு பெற்றவர், ஊருக்குள் வீடு வாங்கி வந்திருந்தார். முதல் நாள், ஆடுகளை ஓட்டிவிடச் சொன்னார். மறுநாள் மூன்றே மூன்று ஆடு வேண்டும் என்றார், அதுவும் அழுக்கில்லாததாக. அதற்கடுத்த நாள் மடாலயத்துக்குள் இருந்த கறுப்புக் கல்மேல் சாக்குத் துணி போர்த்தலாமா என்று கேட்டார்.

அது அவள் கணவன் மாலக்கியின் கல்லறை. லெனகன் குடும்பத்தார் எல்லோரையும் போல அவனையும் அந்தச் சுவர்களுக்குள்தான் புதைத்திருந்தார்கள். பளபளப்பான கல்லில் டிராக்டர் செதுக்கியிருக்கும். உயிரோடிருக்கும்போதே அவனே தேர்ந்தெடுத்தது. அவளுக்கும் அது பிடிக்காதுதான். அது வேறு விஷயம்.

"வேண்டாம் டாக்டர். அவருக்குக் குளிரல" என்றாள்.

நவம்பரில் சர்ச் மண்டபத்தில் படக் கண்காட்சி. தேநீரும் ரொட்டியுமாக ஊரே திரண்டிருந்தது. முதல் பரிசு பர்டிலுக்கு. அட்ராக்டா படத்தருகே போய்ப் பார்த்தாள். மடாலயத்தின் கல் வளைவு இருந்தது, மூன்று ஆடும் இருந்தன. கல் இருந்த இடத்தில் பசும்புல். மாலக்கியை இரண்டாம் தடவை மண்ணுக்குள் தள்ளியது போலிருந்தது.

"ஏன் டாக்டர், பல்லையாச்சும் ஆளைக் கேட்டுட்டுத்தான் பிடுங்கினீங்களா?"

மண்டபம் சிரித்தது. பர்டில் முகம் சிவந்து, கம்ப்யூட்டரில்தான் அழித்ததாகச் சொன்னார். "அந்தக் கல்லு படத்தோட அமைதியைக் கெடுத்துதுங்க, மிஸஸ் லெனகன்."

"முப்பத்தாறு வருஷம் அவரோட குடித்தனம் பண்ணியிருக்கேன். அமைதியைக் கெடுக்கிறதுதான் அவரு வேலையே."

அன்று மாலையே படத்தைச் சுவரிலிருந்து இறக்கிவிட்டார்கள். ஜனவரியில் பர்டில் அவள் வீட்டுக்கு வந்தார், கையில் சட்டமிட்ட புதிய படம். கல் இருந்தது, டிராக்டரும் இருந்தது. மன்னிப்புக் கேட்டார். உட்காரச் சொல்லி, தேநீர் ஊற்றிக் கொடுத்துவிட்டு, படம் கோணலாக இருக்கிறது என்றாள். ஆனால் அதைத் துணியால் ஒருமுறை துடைத்து மேசைமேல் நிமிர்த்தி வைத்தாள்.

பனி விழுந்திருக்கிறது, ஒரே ஒரு படம் எடுக்கலாமா என்று தயங்கிக் கேட்டார். சாவியைக் கொடுத்தாள்.

எடுத்தார், போனார். வேலிக் கதவைத் திறந்து போட்டுவிட்டே போனார். அன்று பிற்பகல் முழுக்க அட்ராக்டா தார்ச்சாலையில் ஆடுகளை விரட்டிக்கொண்டு அலைந்தாள், டப்ளின்காரர்களையெல்லாம் வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே.