தசரதன் பார்க்காத படம்

வெள்ளானூர் தசரதன் டிரம்பெட்டில் வாசிக்காத சினிமாப் பாட்டு குறைவு. பார்த்த சினிமா அதைவிடக் குறைவு. பகலில் சென்னைக்குப் பக்கம் பாடியில் ஒரு பம்பு கம்பெனியில் வேலை, மாலையில் பேண்டு செட். ஊர் ஜனம் குடும்பத்தோடு தியேட்டருக்குப் போகிற ஞாயிற்றுக்கிழமை மாலையில்தான் எங்காவது மாப்பிள்ளை அழைப்பு இருக்கும், இல்லாவிட்டால் சாவு. இரண்டுக்கும் அதே ஆறு பேர், அதே சிவப்புச் சட்டை.

மெட்டுகளை அவர் பிடிப்பது பஸ்ஸில். ஆவடியில் ஏறி உட்கார்ந்ததும் காதில் இயர்போன், மடியில் சாப்பாட்டு டப்பா. டப்பா மூடியின் மேல் வலது கையின் மூன்று விரல்களும் டிரம்பெட் பொத்தான்களை அழுத்துவதுபோல ஓடிக்கொண்டே இருக்கும். பக்கத்து சீட்டுப் பெரியவர் ஒருவர் அதை இரக்கத்தோடு பார்த்துவிட்டு, நரம்புத் தளர்ச்சிக்குப் பூந்தமல்லியில் நல்ல டாக்டர் இருக்கிறார் என்று விலாசம் சொல்லிவிட்டு இறங்கினார். படம் பார்க்கச் சொன்னால், கேட்டால் போதாதா என்பார் தசரதன். மனைவி நாகவல்லி தங்கையைக் கூட்டிக்கொண்டு தனியாகப் போய் வருவாள்.

நாகவல்லியின் தம்பி ஜெகனுக்குக் கல்யாணம் நிச்சயமானபோது வீட்டில் ஒரு சண்டை வந்தது. மாமனார் ராமன், ஊர்வலத்துக்குச் செண்டை மேளம் சொல்லலாம் என்றார். மூத்த மாப்பிள்ளை மாலை போட்டுக்கொண்டு காருக்குப் பக்கத்தில் வரவேண்டியவர். சிவப்புச் சட்டையில் டிரம்பெட்டோடு முன்னால் போனால் சொந்தக்காரன் என்ன சொல்லுவான்? தன் புருஷன் வாசிக்காவிட்டால் தான் ஆரத்தித் தட்டைத் தொடமாட்டேன் என்றாள் நாகவல்லி. ராமன் இறங்கி வந்தார். ஆனால் சொல்லிவைத்தார்: "ஒரே ஒரு தபா, மாப்ளே. சொதப்புனா, இனிமே நம்ம ஊட்டு விசேஷத்துல நீ சாப்ட மட்டும் வா."

ஜெகனுக்கு ஒரே ஆசை. பாட்டு வேண்டாம், எல்லாரும் பாட்டுதான் வாசிக்கிறார்கள். அந்த வருஷம் ஊரே மூன்று தடவை பார்த்த 'கருங்காவலன்' படத்தின் பின்னணி இசை வேண்டும். அதற்கென்று தனி ஆல்பமே வந்திருந்தது. ஹீரோ அறிமுகமாகும்போது வருவதைத்தான் ஜெகன் நினைத்தான். அதைச் சொல்லவும் வேண்டுமா என்று சொல்லாமல் விட்டான்.

தசரதன் ஒரு வாரம் பஸ்ஸில் ஆல்பம் முழுவதையும் கேட்டார். ஹீரோ அறிமுகம் அவருக்குப் பிடிக்கவில்லை. முழுக்கக் கம்ப்யூட்டர் சத்தம், டிரம்பெட்டுக்கு வேலையே இல்லை. கடைசிக்கு முன்னால் ஒன்று இருந்தது. கூட்டமாக வயலின், அடியில் மெதுவாகப் பெரிய டிரம், எல்லாவற்றுக்கும் மேலே தனியாக ஒரு டிரம்பெட். கார் நகருகிற வேகத்துக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி இருந்தது. மச்சானை அசத்த வேண்டும் என்று யாரிடமும் மூச்சுவிடவில்லை. மற்ற ஐந்து பேருக்கும் சொல்லிக்கொடுத்தார். செட்டிலேயே படம் பார்த்தவன் சைடு டிரம் அருள் ஒருவன்தான். அவனும் இடைவேளையில் சாவு வந்துவிட்டதென்று எழுந்து வந்தவன்.

நசரத்பேட்டைப் பிள்ளையார் கோயிலிலிருந்து மண்டபத்துக்கு ஊர்வலம் கிளம்பியது. பூ அலங்காரக் காரில் ஜெகன், முன்னால் பேண்டு. தசரதன் கண்ணை மூடி முதல் வரியை எடுத்தார்.

ஆடத் தயாராக நின்ற பையன்கள் அப்படியே நின்றார்கள். யாரோ ஒரு பெண் மூக்கை உறிஞ்சினாள். தசரதன் அரைக்கண் திறந்து பார்த்தார்: நாகவல்லியின் சரசா அத்தை முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். இத்தனை வருஷத்தில் அவர் வாசிப்புக்கு ஒருவரும் அழுததில்லை, சாவு வீட்டில்கூட. அவருக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. இன்னும் கொஞ்சம் இழைத்தார். நான்கைந்து பெண்கள் தேம்பினார்கள். சித்தப்பா முறை ஒருவர் செருப்பைக் கழற்றிவிட்டு நடந்தார். சர்வீஸ் ரோட்டில் எதிரே பைக்கில் வந்தவர், மெல்ல நகரும் பூ வண்டியையும் அழுகிற கூட்டத்தையும் பார்த்து, ஓரம்கட்டி, ஹெல்மெட்டைக் கழற்றிக் கும்பிட்டார். காருக்குள் மாலையும் கழுத்துமாக இருந்த ஜெகன் அவருக்குப் பதில் கும்பிடு போடுவதா வேண்டாமா என்று விழித்தான்.

கூட்டத்தைப் பிளந்துகொண்டு நாகவல்லி வந்தாள். தசரதன் காதுக்குப் பக்கத்தில் வாயை வைத்தாள்.

"யோவ், ஹீரோவ பாடையில தூக்கினு போவசொல்ல வர்ற மீசிக்யா இது!"

டிரம்பெட் ஒரு சுரம் தவறியது. நிறுத்த முடியாது, மாப்பிள்ளை ஊர்வலம் பாதியில் ஊமையாவது இதைவிட மோசம். வேறு மெட்டுக்கு மாறினால் தப்பு செய்ததை ஒப்புக்கொண்டதாகிவிடும். மாமனார் எங்கே என்று தேடினார். ராமன் காருக்குப் பக்கத்தில், எதற்கு எல்லாரும் அழுகிறார்கள் என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு வந்தார்.

தசரதன் இடது முழங்கையைத் தூக்கினார். செட்டில் அதற்கு ஒரே அர்த்தம்: குத்து. அருள் ஒரு நொடி திகைத்தான், பிறகு போட்டான் ஒரு போடு. அதே மெட்டு, ஒரு சுரம் மாறவில்லை. பாடை மட்டும் ஓட ஆரம்பித்துவிட்டது. முதலில் சிரித்தவன் ஜெகன். கதவைத் திறந்து குதித்து மாலையோடு ஆடினான். பையன்கள் பாய்ந்தார்கள். சரசா அத்தை ஈரக் கண்ணோடு கைதட்டினாள். மண்டபத்து வாசலுக்கு வந்து சேர்ந்தபோது ராமனின் துண்டு இடுப்பில் இருந்தது, இரண்டு கையும் தலைக்குமேல் இருந்தன.

இருந்தாலும் சொதப்பலா இல்லையா என்று அன்று ராமன் தீர்ப்புச் சொல்லவில்லை. மறுநாள் தாலி கட்டியபோதும் சொல்லவில்லை. அடுத்த ஞாயிறு விருந்துக்குக் கூப்பிட்டார். சாப்பாடானதும் டிவியில் 'கருங்காவலன்' போடச் சொன்னார். அவரும் பார்த்ததில்லையாம்.

பாடை வந்தது. வயலின் வந்தது. வீடே மூக்கை உறிஞ்சியது. தசரதன் தலையைக் குனிந்துகொண்டார். ஆனால் முழங்கை தானாக லேசாக எழுந்தது. ராமன் அதைப் பார்த்துவிட்டார். தோள் குலுங்கச் சிரித்தார்.

"மாப்ளே, நாளைக்கு நான் போனாலும் இதையே வாசி. இப்டி அழுதுகினு வேணாம். அன்னிக்கு வாசிச்சியே, அந்த மேரி."

மாமியார் சாமுண்டீஸ்வரி, நல்ல நாளில் பேசுகிற பேச்சா இது என்று இருவரையும் திட்டினாள். தசரதன் நிமிர்ந்தார்.

"செண்ட மேளம் வேணாவா, மாமா?"

"செத்தப்புறமாவது காது நிம்மதியா கெடக்கட்டும்" என்றார் ராமன்.