கோதுமைச் சோறும் பதினொரு பாத்திரங்களும்

ரேஷன் கடையில் அரிசியைக் குறைத்துவிட்டு, மீதிக்குக் கோதுமையை அளந்து போட ஆரம்பித்தபோது மயிலாப்பூர்ப் பெண்களுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பர்மா அரிசி வருவது நின்று இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. யுத்தம் எப்போது முடியும், அரிசி எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. அதுவரை இந்தச் சிவப்புக் கோதுமையை என்ன செய்வது? ரிக்‌ஷா இழுக்கும் வேலுவின் மனைவி ரத்னா அதை அரிசி மாதிரியே உலையில் போட்டாள். ஒரு கட்டு விறகு எரிந்ததுதான் மிச்சம். மணி மணியாகத் தட்டில் கிடந்ததை யாராலும் மெல்ல முடியவில்லை.

"மாடு துன்றதெல்லாம் மன்சன் துன்னணும்னு எழுதிக்கீது" என்று அடுத்த வாரம் வரிசையில் நின்றபடி அவள் புலம்பியபோது, அவளுக்கு முன்னால் நின்ற நஸ்ருன்னிசா திரும்பிப் பார்த்துச் சிரித்துவிட்டாள்.

நஸ்ருன்னிசாவுக்கு அப்போது முப்பத்திரண்டு வயது. கச்சேரி ரோடு மசூதிக்குப் பின்னால் இருந்த சந்தில் ஒற்றை அறை வீடு. புருஷன் மெஹபூப் அலி பாத்திரங்களுக்கு ஈயம் பூசுகிறவர். பித்தளைப் பாத்திரத்தின் உட்புறம் ஈயம் தேய்ந்துவிட்டால் புளி பட்டுக் களிம்பு ஏறிவிடும் என்று அந்தக் காலத்தில் எல்லா வீட்டிலும் தெரியும். அதனால் ஐயர் வீடு, முதலியார் வீடு என்ற பேதமில்லாமல் அவருடைய துருத்திக்கு வேலை இருந்தது. நஸ்ருன்னிசா பிறந்தது ஆற்காட்டில். அங்கே அவள் அம்மா கோதுமையையும் பருப்பையும் கறியோடு சேர்த்து மசிய வேகவைப்பாள். கறி வாங்க முடியாத நாட்களில் கறியில்லாமல், புளி ஊற்றி இறக்குவாள்.

"கோதுமைய ஒடைக்கணும் ரத்னா. முழுசா போட்டா எப்படி வேகும்?" என்றாள் நஸ்ருன்னிசா. "கொஞ்சம் தண்ணி தெளிச்சு மூடி வை. அப்புறம் எந்திரத்துல போட்டுச் சுத்து. நாலா ஒடைஞ்சா போதும், மாவாக்கிடாதே. வெறும் சட்டியில வாசன வர்ற வரிக்கும் வறு. ரெண்டு கை கோதுமைக்கு ஒரு கை பருப்பு. கூட கத்திரிக்கா, பரங்கிக்கா, எது கெடைக்குதோ அது. எல்லாம் குழைஞ்சப்புறம் புளித்தண்ணி, உப்பு, மொளகா. ஒரே பாத்திரம், ஒரே அடுப்பு. பொழுது சாயறதுக்குள்ள ராத்திரிச் சோறு ரெடி."

"அவ்ளோதானா பாயம்மா?"

"அவ்ளோதான்."

அந்த வரிசையில் நின்ற பத்துப் பதினைந்து பெண்களும் காதைத் தீட்டிக்கொண்டார்கள். ஒருத்தி பருப்புக்குப் பதில் மொச்சை போடலாமா என்று கேட்டாள். இன்னொருத்தி வெங்காயம் சேர்க்க மாட்டோமே என்றாள். "வாணாம், பெருங்காயம் போடுங்க" என்றாள் நஸ்ருன்னிசா. மாதம் முடிவதற்குள் குளத்தங்கரைத் தெருக்களில் 'பாயம்மா சோறு' என்ற பேரே நிலைத்துவிட்டது. அவள் வீட்டில் ஒரு வாய்த் தண்ணீர் குடிக்காதவர்கள்கூட அவள் சொன்னபடி சமைத்துச் சாப்பிட்டார்கள். சோறுதான் வாசல் தாண்டக் கூடாது. சொல் தாண்டலாம் போலிருக்கிறது.

அப்படித் தாண்டிப்போன வீடுகளில் ஒன்று சூடாமணியுடையது. அவள் கணவர் பட்டாபிராமன் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஓர் ஆபீசில் குமாஸ்தா. சூடாமணி வீட்டில் பத்துப் பாத்திரம் தேய்த்தவள் ரத்னா. பக்குவத்தைக் கொண்டுபோனதும் அவள்தான். சந்தேகம் தீராமல் சூடாமணி தானே ஒருநாள் கூடையோடு கடைக்கு வந்து, வரிசையில் நஸ்ருன்னிசாவுக்குப் பின்னால் நின்றுகொண்டாள்.

"புளியை முன்னாடியே விட்டுட்டேன், கோதுமை வேகவே மாட்டேன்னுது. ஏன்?" என்று தணிந்த குரலில் கேட்டாள்.

"புளி கடைசீலதான் மாமி. புளி பட்டா பருப்பும் வேகாது, கோதுமையும் வேகாது."

அடுத்த வாரம் சூடாமணி முகமெல்லாம் மலர வந்தாள். "எங்காத்துல ரெண்டாந்தரம் கேட்டு வாங்கிண்டார். எங்கே கத்துண்டேன்னு கேட்டார். பத்திரிகைல போட்டிருந்தான்னு சொல்லிட்டேன்." சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். நஸ்ருன்னிசாவுக்குச் சுருக்கென்றது. இருந்தாலும் சிரித்து வைத்தாள். அதற்குப் பதிலாகச் சூடாமணி, வாழைப்பூவைக் கைப்பில்லாமல் ஆய்ந்து பருப்போடு உசிலிப்பது எப்படி என்று சொல்லிக்கொடுத்தாள். நஸ்ருன்னிசாவின் இரண்டு பெண்களும் அதைச் சட்டியை வழித்துச் சாப்பிட்டார்கள்.

ஆடி பிறந்த வாரம் அது. ஒரு செவ்வாய்க்கிழமை வரிசையில் நஸ்ருன்னிசா போய் நின்றதும் முன்னால் நின்ற பெண் கூடையை இழுத்துக்கொண்டு நகர்ந்தாள். பின்னால் வந்தவளும் நாலடி தள்ளியே நின்றாள். கடைசியில் ரத்னாதான் ஓரமாக இழுத்துப் போய்ச் சொன்னாள்.

"சூடாமணியம்மா வூட்டு கொழந்த ஜயா ஆஸ்பத்திரில கீது பாயம்மா. முந்தாநேத்து சாயந்தரம் நீ சொன்ன சோறு ஆக்கினாங்க. மீந்தத காலைல கொழந்தைக்குப் போட்டிருக்காங்க. அப்ப புடிச்சது வாந்தி. வவுத்த புடிச்சிகினு உருளுது. அந்தம்மாவும் படுத்துகினு கீது."

"என்ன சொல்றாங்க?"

ரத்னா தரையைப் பார்த்தாள். "பத்திரிகைன்னு சொன்னது பொய்யின்னு ஐயருக்குத் தெரிஞ்சிபோச்சு. துலுக்கச்சி பேச்சக் கேட்டு விஷத்த சமைச்சியான்னு தெருவே கேக்குறாப்ல கத்தினாரு. இன்னாத்தையோ வேணும்னே சொல்லிக் குடுத்துட்டான்னு பேசிக்கிறாங்க."

நஸ்ருன்னிசா கோதுமை வாங்காமலே வீடு திரும்பினாள். வழியெல்லாம் தான் சொன்ன ஒவ்வொரு வார்த்தையையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். தண்ணீர் தெளிக்கச் சொன்னோமே, அதில் பூசணம் பிடித்திருக்குமோ? வறுக்காமல் விட்டிருப்பாளோ? அதே கடைக் கோதுமைதானே என் குழந்தைகளும் தின்றன? அந்த நாலு வயசுப் பெண்ணை அவள் ஒருமுறைதான் பார்த்திருந்தாள். சூடாமணியின் இடுப்பில் உட்கார்ந்துகொண்டு, ரேஷன் கார்டின் ஓரத்தைச் சப்பிக்கொண்டிருந்தது. அந்த முகம் கண்ணை விட்டு அகலவில்லை. ஐந்து வேளைத் தொழுகையிலும் அந்தக் குழந்தைக்காகத்தான் கையேந்தினாள்.

மூன்றாம் நாள் மத்தியானம் ரத்னா ஒரு பித்தளைத் தவலையை முந்தானையில் மூடிக்கொண்டு வந்தாள். "அந்தச் சோறு ஆக்கின தவல, போன வாரந்தான் ஈயம் பூசினது. இத்த எங்கியாச்சும் தூக்கிப் போட்டுடுன்னாரு ஐயரு. தூக்கிப் போட மன்சு வர்ல. ஆனா உள்ள பாரு பாயம்மா, இன்னா இப்பிடி கறுத்துக் கீது?"

நஸ்ருன்னிசா தவலையை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள். வெள்ளியாக மின்ன வேண்டிய உட்புறம் மழை மேகம் மாதிரி இருந்தது. துப்பட்டாவின் முனையால் அழுத்தித் துடைத்தாள். துணி கறுத்துப் போயிற்று. பதினைந்து வருஷம் ஈயம் பூசுகிறவரோடு குடித்தனம் செய்தவளுக்கு அதற்குமேல் யாரும் விளக்க வேண்டியதில்லை. அது வெள்ளீயம் இல்லை, உடம்புக்கு விஷமான காரீயம்.

"ரத்னா, இதை இங்க வெச்சிட்டுப் போ. யார்கிட்டயும் இப்போ ஒண்ணும் சொல்லாதே."

மெஹபூப் அலி பிற்பகல் அசர் தொழுகை முடிந்து வந்தார். அவர் கெட்ட மனிதரில்லை. கை நீட்டாதவர், குடிக்காதவர். மலாய் நாடு ஜப்பான்காரன் கைக்குப் போனதிலிருந்து ஈயம் கிடைக்காமல், கையில் தொழில் இருந்தும் வேலையில்லாமல் குமைந்துகொண்டிருந்தவர். வீட்டுக்குள் அவர்கள் பேசுவது உருது. நஸ்ருன்னிசா தவலையையும் கறுத்த துணியையும் அவர் முன்னால் வைத்தாள்.

"இது நீங்கள் பூசியதா?"

அவர் தவலையைக் கையில் எடுத்து உள்ளே பார்த்தார். பிறகு, "கொஞ்சம்தான் கலந்தேன். ஈயமே இல்லையென்றால் நான் என்ன செய்ய?" என்றார்.

"எத்தனை பாத்திரம்?"

"பதினொன்று."

"பதினொரு வீடா?"

"மெதுவாகப் பேசு." அவர் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார். "இதோ பார். சமையல் தப்பு என்றால் நாலு நாள் பேசுவார்கள், மறந்துவிடுவார்கள். ஈயம் தப்பு என்றால் இந்த ஊரில் ஒருவரும் எனக்குப் பாத்திரம் கொடுக்க மாட்டார்கள். உன் பேச்சு போனால் பேச்சோடு போகும். என் பேர் போனால் நம் சோறு போகும்."

அவர் சொன்னதில் பொய்யில்லை. அதுதான் அவளை வதைத்தது. அன்றும் மறுநாளும் அவள் வாயைத் திறக்கவில்லை. மறுநாள் சந்து முனையில் போனவள் ஒருத்தி அவள் காதுபடவே, "நம்மவா பக்குவம் நமக்குப் போறாதா, எவகிட்டயோ கேப்பாளா?" என்றாள். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டாள். ஆனால் அன்று சாயங்காலம், விளக்கேற்றும் நேரத்தில், அக்கம்பக்கத்து அடுப்புகளிலிருந்து புகை கிளம்பியபோது அவளால் உட்கார முடியவில்லை. இந்தப் புகையில் எது அந்தப் பத்து வீடு? எந்த அடுப்பில் புளி கொதிக்கிறது?

துப்பட்டாவைத் தலைக்கு இழுத்துவிட்டுக்கொண்டு கிளம்பினாள். மெஹபூப் அலி வாசலில் நின்றார். தடுக்கவில்லை, வழியும் விடவில்லை. அவள் பக்கவாட்டில் உரசிக்கொண்டு வெளியே வந்தாள்.

பட்டாபிராமன் அப்போதுதான் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியிருந்தார். நாலு நாள் தாடி, கண்கள் உள்ளே போயிருந்தன. வாசலில் அவளைக் கண்டதும் யாரென்று புரியவில்லை.

"ஐயா, நான் ஈயம் பூசுற மெஹபூப் அலி வீட்ல. சோத்துல விஷமில்ல. பாத்திரத்துல இருந்தது. ஈயத்துல காரீயம் கலந்து பூசியிருக்காரு. புளி பட்டு இறங்கியிருக்கு. ஆஸ்பத்திரில டாக்டர்கிட்ட இதைச் சொல்லுங்க. வைத்தியம் பாக்கத் தோதா இருக்கும்."

விளங்கியதும் முகம் சிவந்தது. "கொழந்தை பொழைப்பாளோ மாட்டாளோன்னு கெடக்கறா. இப்போ வந்து சொல்றியே! உங்க ரெண்டு பேரையும் போலீஸ்ல பிடிச்சுக் குடுக்கறேன் பாரு!"

"குடுங்க ஐயா. இன்னும் பத்து வீட்ல அந்தப் பாத்திரம் இருக்கு. அவங்களுக்குச் சொல்லிட்டு வந்துடறேன். அப்புறம் கூட்டிட்டுப் போங்க."

அவள் படியிறங்கியபோது, வரும் வழியில் அவள் சொல்லி அழைத்து வந்த ரத்னா தெருமுனையில் காத்திருந்தாள். சமீபத்தில் ஈயம் பூசிய வீடுகள் எவை என்று அவளுக்குத்தான் தெரியும். பாதிக்கு மேல் அவள் பாத்திரம் தேய்க்கிற வீடுகள். இரண்டு பேரும் வீடு வீடாக ஏறி இறங்கினார்கள். ஒரு வீட்டில் கதவைத் திறக்கவே இல்லை. ஒரு வீட்டுக்காரர் துருத்தியையும் ஆளையும் கொளுத்துவேன் என்றார். இன்னொரு வீட்டில் அடுப்பில் ரசம் கொதித்துக்கொண்டிருந்தது. அந்த அம்மாள் அப்படியே இறக்கி முற்றத்தில் கவிழ்த்துவிட்டு, நஸ்ருன்னிசாவைப் பார்த்துக்கொண்டே நின்றாள். ஒவ்வொரு வாசலிலும் அவள் அதே வார்த்தைகளைச் சொன்னாள். "என் வீட்டுக்காரர் பண்ண தப்பு" என்பதையும் சேர்த்தே சொன்னாள்.

போலீஸ் வரவில்லை. ஜயா பிழைத்துக்கொண்டாள். ஆனால் ஆறு மாதம் வரை சோகையாகவே இருந்தாள். பள்ளிக்கூடம் போகிற வயதிலும் வயிற்று வலி என்று அடிக்கடி சுருண்டு படுப்பாள் என்று ரத்னா சொல்லுவாள்.

மெஹபூப் அலி எதிர்பார்த்தபடியேதான் நடந்தது. அவரிடம் யாரும் ஒரு கரண்டியைக்கூடக் கொடுக்கவில்லை. துறைமுகத்தில் மூட்டை தூக்கப் போனார். நாற்பது வயதுக்கு மேல், பழக்கமில்லாத முதுகு. சாயங்காலம் வந்து குளித்துவிட்டு, அவள் வைத்ததைச் சாப்பிடுவார். பெண்களோடு பேசுவார், அவளோடு பேச மாட்டார். ரம்ஜான் வந்து போயிற்று. ஈதுப் பெருநாளுக்கு மட்டும், "ஈத் முபாரக்" என்றார், சுவரைப் பார்த்துக்கொண்டு.

ஒரு நாள் சூடாமணி மசூதிச் சந்துக்கு வந்துவிட்டாள். யாராவது பார்த்துவிடுவார்களோ என்ற பயம் அவள் நிற்பதிலேயே தெரிந்தது. வாசலைத் தாண்டவில்லை.

"உங்களைப் பத்தி அத்தனை பேரும் பேசினாளே, அப்போ நான் வாயைத் தொறக்கலை. உங்க பக்குவத்துல தப்பில்லைன்னு எனக்குத் தெரியும். பத்துப் பன்னெண்டு தரம் பண்ணியிருக்கேனே! ஆனா சொல்லலை. அவருக்குப் பயந்துண்டு, எல்லாம் உங்க மேலேயே இருக்கட்டும்னு விட்டுட்டேன்."

நஸ்ருன்னிசாவுக்கு 'பரவாயில்லை மாமி' என்று சொல்லத் தோன்றியது. ஆனால் அது உண்மையில்லை. "நானும் ரெண்டு நாள் சொல்லாம இருந்தேன்" என்றாள். "அந்த ரெண்டு நாள்ல வேற குழந்தைக்கு ஏதாவது ஆகியிருந்தா? அதை நெனைச்சா எனக்கு இன்னும் தூக்கம் வர்றதில்ல."

சூடாமணி கண்ணைத் துடைத்துக்கொண்டு போய்விட்டாள். அதற்குப் பிறகு அவர்கள் ரேஷன் கடையில் எத்தனையோ முறை பார்த்துக்கொண்டார்கள். தலையை ஆட்டுவார்கள். சமையல் பேச்சு மட்டும் வருவதில்லை.

குளிர் தொடங்கிய ஒரு சாயங்காலம், மெஹபூப் அலி தட்டின் முன்னால் உட்கார்ந்து, சட்டியை எட்டிப் பார்த்தார். பருப்பும் கோதுமையும் குழைந்து கிடந்தன. "உப்பு குறைவு" என்றார். நான்கு மாதத்தில் அவளைப் பார்த்து அவர் சொன்ன முதல் வார்த்தை. நஸ்ருன்னிசா எழுந்துபோய் உப்புச் சிமிழை எடுத்து வந்து அவர் பக்கத்தில் வைத்தாள். அவர் தானே போட்டுக்கொண்டு, தலைகுனிந்து சாப்பிட்டு முடித்தார்.